அவன் கெடுத்த கடிகாரங்கள்

ஜனவரி 6

மருமகளுக்கு,

போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிட்டு வைத்துவிடுகிறோம், ஒரு விஷயமும் பேசி முடித்ததாக இல்லை, சொல்ல வேண்டியதை இனிமேல் எழுதுங்கள் என்றாய். சரி, எழுதுகிறேன். பல் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று இடுக்கி எடுத்துக் கொடுத்தே காலத்தை ஓட்டினவள் நான். எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நவம்பரில் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினபோது, தெருமுனை திரும்புவதற்குள் ஒரு தடவையாவது தலையைத் திருப்புவாய் என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ திருப்பவில்லை. அதைச் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்ததும் அதுதான் முதலில் வருகிறது, என்ன செய்ய?

விஷயம் என் பையன் மேஜை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, "காய்ச்சல் விட்டதும் வந்து பாத்துக்கறேன், யாரும் தொடாதீங்க" என்று செய்தித்தாளைப் போட்டு மூடிவிட்டுப் போனான் இல்லையா? அவன் போய் இத்தனை மாதமாக நான் அந்தத் தாளைத் தூக்கவில்லை. போன வாரம் அதன்மேல் ஒட்டடை விழுந்திருந்தது. தூக்கினேன்.

ஐந்து பாக்கெட் கடிகாரங்கள். அவன் மீட்டர் ரீடிங் எடுக்கப் போன வீட்டில் ஓர் அம்மா, "எங்க மாமனாரோடது, ஓடல, வேணும்னா எடுத்துக்கோங்க தம்பி" என்று கொடுத்தாளே, அந்தப் பெரிய வெள்ளிக் கடிகாரம் ஒன்று. மற்றதெல்லாம் அதற்கப்புறம் பழைய சாமான் கடையில் அவனே பொறுக்கிக்கொண்டு வந்தது. மூன்றின் வயிறு திறந்து கிடக்கிறது. திருகாணிகள் தீப்பெட்டியில் கொஞ்சம், காபித் தட்டில் கொஞ்சம், என்னுடைய மாத்திரை டப்பாவில் கொஞ்சம். அந்த டப்பாவை எங்கேயோ தொலைத்துவிட்டேன் என்று வீடெல்லாம் தேடினேன். திருடன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான்.

எடுத்துப் போட மனசு வரவில்லை. அப்படியே விடவும் முடியவில்லை. அதனால் கற்றுக்கொண்டு நானே பூட்டி ஓட வைத்துவிடலாம் என்று இருக்கிறேன். சிரிக்காதே. ஈரமான வாய்க்குள் இடுக்கி பிடித்துப் பழகின கை இது. கடிகாரம் என்ன, ஆவென்று கத்தப்போகிறதா, என் விரலைக் கடிக்கப்போகிறதா?

எது எந்தக் கடிகாரத்தின் திருகாணி என்று உனக்குத்தான் தெரியும். அவன் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நீதானே. எழுது.

அத்தை


ஜனவரி 20

அத்தைக்கு,

வேண்டாம். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அல்லது மூடியே வையுங்கள்.

நான் இங்கே காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறேன். கண்ணாடித் துண்டில் தடவுகிறேன், எண்ணுகிறேன், எழுதுகிறேன். அறைக்கு வந்தால் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே தண்ணீர்த் தொட்டி. அவரை ஞாபகப்படுத்துகிற சாமான் ஒன்றுகூட இந்த அறையில் இல்லை. அதற்காகத்தான் மாற்றல் கேட்டு வாங்கி இவ்வளவு தூரம் வந்தேன். உங்கள் கடிதத்தைப் பிரித்ததும் அந்த மேஜையின் எண்ணெய் வாசனை இங்கேயும் வந்துவிட்டது.

நான் திரும்பிப் பார்க்காததற்குக் காரணம் உண்டு. பார்த்திருந்தால் ஆட்டோவை விட்டு இறங்கியிருப்பேன்.

சிவப்புத் தீப்பெட்டியில் இருப்பது வெள்ளிக் கடிகாரத்தின் திருகாணிகள். காபித் தட்டும் உங்கள் மாத்திரை டப்பாவும் அந்த இரட்டைக் கடிகாரங்களுக்கு. ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒன்றுக்கு முகப்பில் விரிசல் இருக்கும். இரண்டிலிருந்து ஒன்றாவது தேறும் என்று வாங்கினார்.

தொட்டே தீருவேன் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். உள்ளே முறுக்கின வில் இருக்கும். அதன் இறுக்கத்தை விடாமல் ஒரு திருகாணியையும் கழற்றக் கூடாது. பல்சக்கரத்தின் பக்கத்தில் கொக்கி மாதிரி ஒரு துண்டு தெரியும். அதைக் குச்சியால் தள்ளிப் பிடித்துக்கொண்டு, சாவித் திருகை விரலுக்குள்ளேயே மெதுவாகத் திரும்ப விடவேண்டும். அவர் அதை மறந்துதான் முதல் கடிகாரத்தில் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டார்.

இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்.


பிப்ரவரி 9

மருமகளுக்கு,

கேட்காதே என்றாய். கேட்கவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். படிப்பதும் படிக்காததும் உன் இஷ்டம்.

வெள்ளிக் கடிகாரத்தில் நீ சொன்னபடியே வில்லைத் தளர்த்தினேன். பூனைக்குட்டி உறுமுவதுபோல் ஒரு சத்தம், அப்புறம் அடங்கிவிட்டது. எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமையிலேயே விரிசல் முகப்புக்காரனை எடுத்துத் தளர்த்தாமல் திருகாணியில் கை வைத்துவிட்டேன். சர்ரென்று ஒரு சத்தம். உள்ளே இருந்த சக்கரமெல்லாம் தலைதெறிக்கச் சுற்றி நின்றது. ஒரு துண்டு என் மூக்குக்கண்ணாடியில் பட்டு எங்கேயோ போனது. ஒரு வாரம் கழித்து அரிசி களையும்போது கிடைத்தது. எப்படி அங்கே போனது என்று கேட்காதே.

பஸ் ஸ்டாண்டுக்குள் பேட்டரி மாற்றி வார் போட்டுக் கொடுக்கிற கடை ஒன்று இருக்கிறதே, அங்கே அந்த விரிசல்காரனைக் கொண்டு போனேன். கடைக்காரருக்கு உன் வயதுதான் இருக்கும். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"யாரும்மா இதுல கை வெச்சது?"

"ஏன்?"

"திருகாணித் தலையெல்லாம் மென்னு வெச்சிருக்கு. இந்தச் சக்கரத்தோட முனை ஒடிஞ்சாச்சு. துவாரத்துல உக்காராமலே மேல்தகட்ட வெச்சு இறுக்கியிருக்காங்க. அசல் கத்துக்குட்டி வேலை. நல்ல கடிகாரம்மா, கெடுத்து வெச்சிருக்கான்."

சர்ரென்று சுற்றவிட்டது மட்டும்தான் நான். மற்றதெல்லாம் அவன்.

"என் பையன்தான்" என்றேன்.

"ஒரு தடவை வரச் சொல்லுங்க. முனையை எப்படி உக்கார வைக்கறதுன்னு காட்டித் தரேன். கோவிச்சுக்க வேணாம்னு சொல்லுங்க, ஆரம்பத்துல எல்லாரும் ஒடிச்சவங்கதான்."

"வெளியூர்ல இருக்கான். வந்தா அனுப்பறேன்" என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்ன பிறகு கொஞ்ச நேரத்துக்கு ரொம்ப நன்றாக இருந்தது. வீடு வரைக்கும் வெளியூரில் இருக்கிற பையனின் அம்மாவாகவே நடந்து வந்தேன்.

அவரிடமே ஒரு லென்ஸ் வாங்கிக்கொண்டேன். அதை வைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. தகடு முழுக்கக் கீறல். ஒவ்வொரு கீறலும் அவன் கை வழுக்கின இடம். இங்கே எரிச்சலில் அழுத்தியிருக்கிறான், இங்கே பொறுமையாக இரண்டாம் தடவை முயற்சி செய்திருக்கிறான். சின்ன வயதில் அவன் எழுத்துப் பழகின நோட்டுகூட இவ்வளவு தெளிவாக இருக்காது.

அத்தை


மார்ச் 2

அத்தைக்கு,

அரிசியில் கிடைத்த இடத்தில் சிரித்துவிட்டேன். ரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்த ஒருவர் பயந்துபோய்க் கையை இழுத்துக்கொண்டார். அப்புறம் "வெளியூர்ல இருக்கான்" என்ற இடம் வந்தது. எழுந்து வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து அறையில் எக்ஸ்ரே எடுக்கிறவர் தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். ஒன்றும் கேட்காமல் போனதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கடைக்காரர் சொன்னது நிஜம் அத்தை. உங்கள் பையனுக்கு அந்த வேலை வரவே இல்லை. திருகாணியோடு பேசுவார். "நில்லுடா, நில்லு, உனக்கு நல்லதுதான் செய்யறேன்" என்பார். கை வழுக்கியதும் என்னைப் பார்த்து, "நீ டார்ச்சை ஆட்டிட்டே" என்பார். நான் ஆட்டவே இல்லை. ஒரு நாளாவது ஓடிய கடிகாரம் அந்த மேஜையில் இல்லை. இருந்தும் ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்.

இப்படி அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை நிற்கமாட்டேன் என்கிறது. அதனால்தான் வேண்டாம் என்றேன். எழுதிவிட்டதால் இதையும் எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள்தான் உள்ளே இருந்தீர்கள். நான் மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மருந்தோடு ஓடி வந்தபோது நீங்கள் கதவுக்கு வெளியே சுவரில் சாய்ந்து நின்றீர்கள். ஒரு ஆளை அனுப்பி என்னைக் கூப்பிட்டிருக்கலாம். நீங்கள் கூப்பிடவில்லை. நவம்பர் வரை ஒரே வீட்டில் ஒன்றாகத்தான் சாப்பிட்டோம். நான் உங்களை அதைக் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

அவர் கடைசியாக என்ன சொன்னார்?


மார்ச் 16

கண்ணு,

நர்ஸ் வந்து, "யாராவது ஒருத்தர் மட்டும் வாங்க" என்றாள். நான் போனேன். நீ இருந்திருந்தால் உன்னை அனுப்பியிருப்பேனா என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வேன்.

அவன் என் கையைப் பிடித்திருந்தான். எழுந்துபோய் யாரையாவது உன்னிடம் அனுப்ப, அந்தக் கையை நான் விடவேண்டும். விட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் பிடிக்கக் கை இருக்குமா என்று பயம். நீயாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டாய். என்மேல் கோபப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை.

"அவ சாப்பிட்டாளாம்மா?" என்று கேட்டான். அதுதான் கடைசி. "சாப்பிட்டாடா" என்றேன். முந்தின நாளிலிருந்து நீ பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டான். பெற்றவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டானா பார்.

வெள்ளிக் கடிகாரத்தை இப்போதைக்கு மூடிவிட்டேன். அதற்கு இன்னும் என் கை போதாது. இரட்டையரில் நல்ல முகப்புக்காரனை எடுத்துச் சக்கரமெல்லாம் பெட்ரோலில் கழுவி, பல் குத்தும் குச்சியால் துவாரம் துவாரமாகத் துடைத்தேன். மேல்தகட்டை வைத்து நாலு சக்கரத்தின் முனையையும் ஒரே சமயத்தில் துவாரத்தில் உட்கார வைப்பதுதான் உயிர் போகிற வேலை. ஒன்று உட்கார்ந்தால் ஒன்று எழுந்துகொள்ளும், பால்வாடிக் குழந்தைகள் மாதிரி. தகட்டை ஒரு விரலால் பூப்போலத் தொட்டுக்கொண்டே சாமணத்தால், அந்தச் சின்ன இடுக்கியால், ஒவ்வொன்றாகத் தள்ளவேண்டும். அழுத்தினால் ஒடிந்தது. அவன் அழுத்தியிருக்கிறான்.

கடைசியில் அந்த முடி மாதிரி மெல்லிய சுருள். ஆடுகிற சக்கரத்தோடு இருக்குமே, அது. அதைப் பார்த்தால் யாரோ சேமியாவைக் கிளறினது மாதிரி இருந்தது. அவன்தான் வளைத்திருக்கிறான். விரிசல்காரனிடமிருந்து சக்கரத்தையும் சுருளையும் சேர்த்து எடுத்து இதில் மாட்டினேன். அவன் வளைத்ததை மாத்திரைக் குப்பியில் போட்டு வைத்திருக்கிறேன்.

அதைக் கழற்றும்போது கை கொஞ்சம் நின்றது. சரிபண்ணச் சரிபண்ண, அவன் கை இதிலிருந்து போய்க்கொண்டே இருக்கிறது. கடைக்காரர் புதுத் திருகாணி தருகிறேன் என்றார். மென்று வைத்ததே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஓடுகிறது. ஆனால் தறிகெட்டு ஓடுகிறது. நான் காலை டிபனை முடிப்பதற்குள் அதற்கு மத்தியானம் ஆகிவிடுகிறது. என்ன செய்வது என்று தெரியவில்லை.

அத்தை


ஏப்ரல் 4

அத்தைக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு கான்டீனுக்குப் போய் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டேன். அழுதுகொண்டே சாப்பிட்டேன். எக்ஸ்ரேக்காரர் எதிரே வந்து உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த பழத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு அவர் பாட்டுக்குச் சாப்பிட்டார்.

கோபம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. ஆனால் கோபத்துக்குள் இப்போது உங்கள் பையன் குரலும் இருக்கிறது. அதை எனக்குக் கொடுத்துவிட்டீர்கள். உங்களுக்கென்று அவர் எதையும் விட்டுப் போகவில்லை, பாவம் நீங்கள்.

கடிகாரம் வேகமாக ஓடுவது காந்தத்தால் இருக்கலாம். எக்ஸ்ரேக்காரர் சொன்னார். அவருக்கு யந்திரப் பைத்தியம். சுருளில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமாம், சுருள் குட்டையாகி அவசரமாக ஆடுமாம். பக்கத்தில் ஒரு காம்பஸ் வைத்துப் பாருங்கள், காம்பஸ் முள் துடித்தால் காந்தம்தான் என்று சொல்லச் சொன்னார். கடிகாரக் கடைகளில் அதை இறக்குவதற்குக் கருவி உண்டாம். உங்கள் சாமணம், திருப்புளி எல்லாவற்றையும் கையோடு இறக்கிவிடச் சொன்னார். இல்லாவிட்டால் திரும்ப ஏறிவிடுமாம்.

ஓடினால் எழுதுங்கள். அவர் மேஜையில் ஒன்று ஓடினது என்று ஒரு தடவையாவது கேட்கவேண்டும்.


ஏப்ரல் 22

கண்ணு,

ஓடுகிறது. ஒழுங்காக ஓடுகிறது.

காந்தமேதான். என் சாமணத்தைத் தையல் ஊசி டப்பாவில் வைத்திருந்தேன். ஊசி சிந்தாமல் இருக்க அதன் அடியில் காந்தம் ஒட்டியிருந்ததை யார் நினைத்தார்கள்? பேட்டரிக்கடையில் ஒரு சின்னக் கருவிக்குள் காட்டி எடுத்தார், அவ்வளவுதான், புத்தி வந்துவிட்டது.

"உங்க பையன் எப்பம்மா வரார்? அவர்கிட்டதான் காட்டணும் இத" என்றார். இரண்டாவது தடவை பொய் சொல்ல நாக்கு புரளவில்லை. சொன்னேன். அவர் கடிகாரத்தை என் கையில் வைத்து, என் விரலை மூடிவிட்டு, வந்து நின்ற வாடிக்கையாளரை அப்புறம் வரச் சொல்லி அனுப்பிவிட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டார், உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

வீட்டில் அதை மேஜைமேல் வைத்தேன். காதில் வைக்கவே வேண்டாம், அறை முழுக்கக் கேட்கிறது. சமையற்கட்டிலிருந்து கேட்டால் யாரோ அந்த அறையில் இருக்கிற மாதிரி இருக்கிறது. எட்டிப் பார்க்கிறேன். யாரும் இல்லை. திரும்ப வந்து வெங்காயம் நறுக்குகிறேன். திரும்பக் கேட்கிறது. இதற்குத்தான் இவ்வளவு பாடுபட்டேனா என்று இருக்கிறது. சாவி கொடுக்காமல் விட்டால் மறுநாள் நின்றுவிடும். ஆனால் காலையில் முதல் வேலையாகப் போய்ச் சாவி கொடுத்துவிடுகிறேன்.

இன்னொரு விஷயம். உன் கடிதங்களை எடுத்து வைத்துப் படித்தேன். தண்ணீர் பாட்டில், பழம், காந்தம். யாரம்மா இந்த எக்ஸ்ரேக்காரர்?

அத்தை


மே 11

அத்தைக்கு,

நீங்கள் கேட்ட பிறகு பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதிலேயே உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அவர் மனைவி விவாகரத்து வாங்கிப் பிரிந்து போய் வெகு காலம் ஆகிறது. குழந்தை இல்லை. அம்மா அவருடைய ஊரில் இருக்கிறார்கள், முட்டி வலி, படியேறமாட்டார்கள். கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று போன மாதம் என்னிடம் கேட்டார். "உடனே பதில் சொல்ல வேணாம். இல்லைன்னு சொன்னாலும் கான்டீன்ல எதிர்லதான் உக்காருவேன்" என்றார்.

நான் உங்களிடம் சொல்லாமல் பதில் சொல்லமாட்டேன் என்றேன். "சொல்லுங்க" என்றார்.

அத்தை, நான் உங்கள் பையனை மறக்கவில்லை. அதை நிரூபிக்க இந்த அறையில் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டே இன்னும் எத்தனை வருஷம் இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. வேலை விட்டு வந்ததும் பேச ஓர் ஆள் வேண்டும். அவ்வளவு சாதாரணமான விஷயம்தான்.

அண்ணனிடம் சொன்னேன். "ஒரு தடவை பண்ணி வெச்சது பத்தாதா? எங்களால நாலு பேருக்கு பதில் சொல்ல முடியாது" என்று போனை வைத்துவிட்டார். அப்பா அம்மா இருந்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கும். என் பக்கம் என்று யாரும் இல்லை. ஜூன் மாதம் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுவதாக இருக்கிறோம். எனக்குச் சாட்சியாக ஒருவர் வேண்டும். நீங்கள் வருவீர்களா?

இதை உங்களிடம் கேட்கிறவள் மனுஷியா என்று தோன்றும். வேறு யாரைக் கேட்பேன்?


மே 17

நான் வரமாட்டேன்.

என் பையன் கடிகாரத்தில் அந்த ஆளின் யோசனை இருக்கிறது. அவர் உனக்கு யார் என்று தெரியாமல் பெருமையாகக் கடையில் காட்டிக்கொண்டு வந்தேன். என்னிடம் வாங்கின ஒவ்வொரு வார்த்தையையும் அவரிடம் கொண்டுபோய்ச் சொல்லியிருக்கிறாய். "சாப்பிட்டாளா" என்று அவன் கேட்டதையும் சொன்னாயா?

வருஷம்கூட முழுசாகத் திரும்பவில்லை. நீ செய்வது தப்பு என்று சொல்ல எனக்கு வாயில்லை. சரி என்று கையெழுத்துப் போட எனக்குக் கையும் இல்லை.

கடிகாரம் நின்றுவிட்டது. நான் சாவி கொடுக்கவில்லை.


ஜூன் 1

அத்தைக்கு,

சரி.

அவர் கேட்டதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். அது எனக்கு வந்தது.

நீங்கள் வராவிட்டால் ஆய்வுக்கூடம் கூட்டுகிற அக்கா வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள். நல்லவள். என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால் தயக்கமில்லாமல் போடுவாள்.

உங்கள்மேல் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் பொய். அந்த வீட்டில் எனக்கு மாமியாராக இருந்தீர்கள். அவர் போன பிறகும் இருப்பீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அது என் தப்பு. மகன் இருந்தால்தான் மருமகள் போலிருக்கிறது.

தேதி ஜூன் 19, காலை. அலுவலகம் பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான், பச்சை கேட். எழுதவேண்டும் என்று எழுதுகிறேன். எதிர்பார்த்து எழுதவில்லை.

கடிகாரத்துக்குச் சாவி கொடுங்கள். அது என்ன செய்தது?


ஜூன் 23

கண்ணு,

மருமகளுக்கு என்று எழுத ஆரம்பித்து நிறுத்திவிட்டேன். வேறு என்ன போடுவது என்று தெரியவில்லை. கண்ணு என்று யாரையும் கூப்பிடலாம்.

பத்திரமாக ஊர் வந்து சேர்ந்தேன். அந்த எக்ஸ்ரேக்காரப் பையன் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரச் சீட் பிடித்துக் கொடுத்து, டிரைவரிடம், "அம்மாவை இறங்கற இடத்துல எழுப்பிவிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். எனக்குத் தூக்கம் வந்தால்தானே எழுப்ப. வழி முழுக்க விழித்துக்கொண்டே வந்தேன்.

வரமாட்டேன் என்று எழுதினவள் ஏன் வந்தாள் என்று நீ கேட்கவில்லை. மகன் இருந்தால்தான் மருமகள் என்று எழுதியிருந்தாயே, அந்த வரியை மடித்து மடித்து வைத்தேன். திரும்பத் திரும்ப எடுத்தேன். கிளம்புகிற அன்றைக்குக்கூட, பஸ் ஸ்டாண்ட் வரை போய்த் திரும்பிவிடலாம் என்றுதான் புடவை கட்டினேன்.

நான் கொண்டுவந்து கொடுத்த குக்கர் சரியாக இருக்கிறதா? விசில் பழசானால் மாற்றிக்கொள், அளவு மூடியிலேயே இருக்கிறது. கடிகாரம் எதுவும் கொண்டு வரவில்லை. அது உன் வீட்டில் இருக்கக் கூடாது.

அந்தப் பையனிடம் குறை கண்டுபிடிக்கத்தான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முன்மண்டையில் முடி இல்லை. குரல் கொஞ்சம் கீச்சுக் குரல். இவ்வளவுதான் கிடைத்தது. சாப்பிட்டுவிட்டு வெளியே வரும்போது உன் செருப்பைத் திருப்பி, கால் நுழைக்க வசதியாக வைத்தார். அவருக்கே தெரியாமல் வைத்தார். என் பையன் ஒரு நாளும் அப்படி வைத்ததில்லை. அதைப் பார்த்த பிறகு உங்களுக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்து தெருவுக்கு வந்துவிட்டேன். உன்மேல் கோபத்தில் இல்லை. எதில் என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன். இனிமேல் அவனைப் பற்றி எனக்கு எழுதாதே. நானும் எழுதமாட்டேன். உன்னை விட்டால் அவனைப் பற்றிப் பேச எனக்கு யாரும் கிடையாது. திருகாணியோடு பேசுவான் என்று சொல்ல இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை. ஆனாலும் வேண்டாம். அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு நீ அவனை நினைத்து எழுதினால் அந்தப் பையனுக்கு நியாயமில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது, வேலை எப்படி, குழாயில் தண்ணீர் வருகிறதா, இதை எழுது. போதும். பழகிவிடும்.

பதிவு அலுவலகத்தில் நீ முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று போனாயே, அப்போது நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் உன்னிடம் சொல்லியிருக்கமாட்டார்.

கவுன்டரில் இருந்த கிளார்க் என்னைப் பார்த்து, "சாட்சி நீங்களா? என்ன உறவு?" என்றார்.

"மாமியார்" என்றேன். அதுதானே நான்.

"மாமியார்னா, மாப்பிள்ளையோட அம்மா" என்று அவரே சொல்லிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

அந்தப் பையன், "சார், அது வந்து…" என்றார். கிளார்க் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்னம்மா? மாப்பிள்ளையோட அம்மாதானே நீங்க?"

"ஆமா" என்றேன்.

அந்தப் பையன் என் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். கிளார்க் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து நின்றேன் போலிருக்கிறது, அந்தப் பையன்தான் என் விரலிலிருந்து மெதுவாக எடுத்துக் கொடுத்தார்.

பதிவேட்டில் அது அப்படியே இருக்கிறது. அவரைப் பெற்ற அம்மாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார்கள். நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. திருத்தவேண்டும் என்றால் திருத்திக்கொள்ளட்டும், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன். மாப்பிள்ளையின் அம்மாவா என்று ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்டார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அத்தை